20 ஜிஇவி காமா ஒளி: பார்த்தது கரும்பொருளைத்தானா?

#1 மதிவாணி

வணக்கம். 2025 நவம்பரில் டோக்கியோ பல்கலைக்கழகத்தின் தொமோனோரி தோதானி வெளியிட்ட ஆய்வைப் பற்றி இங்கே இன்னும் இழை இல்லை. அதனால் நானே தொடங்குகிறேன்.

நாசாவின் ஃபெர்மி காமா கதிர் விண்கலம் 15 ஆண்டுகளாகச் சேர்த்த தரவை எடுத்து, அதில் பால்வீதியைச் சுற்றி ஒரு ஹாலோ (கோள வடிவ உறை) போலப் பரவியிருக்கும் காமா ஒளி தெரிவதாக அவர் சொல்கிறார். அந்த ஒளியின் உச்சம் 20 ஜிகா எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலில் இருக்கிறது (இனி ஜிஇவி என்றே எழுதுகிறேன்). 2 ஜிஇவிக்குக் கீழும் 200 ஜிஇவிக்கு மேலும் ஒன்றும் இல்லை. ஈர்ப்பால் மட்டுமே தெரியவந்த கரும்பொருளை முதல்முறையாகப் பார்த்துவிட்டார்கள் என்ற அளவுக்குச் செய்திகள் வந்தன. ஆனால் துறைக்குள் இருப்பவர்கள் யாரும் துள்ளிக் குதித்ததாகத் தெரியவில்லை. ஏன்?

இன்னும் இரண்டு சந்தேகம். கரும்பொருள் ஒளியே விடாது என்றுதான் படித்திருக்கிறேன், பிறகு காமா கதிர் எங்கிருந்து வருகிறது? துகளின் நிறை 500 முதல் 800 ஜிஇவி வரை இருக்கலாம் என்கிறார்கள், ஒளியோ 20 ஜிஇவியில் இருக்கிறது. இந்த இரண்டு எண்ணும் எப்படி ஒத்துப்போகும்?

#2 வான்நோக்கி

மதிவாணி, கடைசியில் கேட்டதிலிருந்தே வருகிறேன்.

கரும்பொருள் தானாக ஒளி விடுவதில்லை, உண்மைதான். 1933-ல் ஸ்விக்கி கோமா கேலக்ஸிக் கொத்தில் கண்டது, 1970-ல் வேரா ரூபினும் கென்ட் ஃபோர்டும் ஆண்ட்ரோமெடாவின் சுழற்சியில் அளந்தது, அப்புறம் பேரண்டத்தில் கரும்பொருளின் பங்கு என்று பிளாங்க் விண்கலம் சொன்ன 27 சதவீதம் எல்லாமே ஈர்ப்பின் கணக்கு. காமா கதிர்த் தேடல் அதற்கு மேல் ஒரு அனுமானத்தைச் சேர்த்துக்கொள்கிறது: இரண்டு கரும்பொருள் துகள்கள் நேருக்கு நேர் வந்தால் ஒன்றையொன்று அழித்துக்கொண்டு, நமக்குத் தெரிந்த துகள்களாக மாறும். இது வெறும் ஆசையில் போட்ட அனுமானம் இல்லை. பேரண்டம் சூடாக இருந்த காலத்தில் இந்தத் துகள்கள் பிறந்தும் அழிந்தும் கொண்டிருந்து, விரிவடைதல் காரணமாக ஒருகட்டத்தில் ஒன்றையொன்று சந்திக்க முடியாமல் மிஞ்சிப்போயின என்று வைத்துக்கொண்டால், இன்று இருக்கும் அளவு மிஞ்சுவதற்கு அழிவு வீதம் எவ்வளவு இருந்திருக்க வேண்டும் என்று கணக்கிடலாம். விடை, நொடிக்கு ஏறக்குறைய 2 முதல் 3 × 10⁻²⁶ கன சென்டிமீட்டர். இந்த இழையில் இந்த எண் அடிக்கடி வரும், நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அழிவில் பெரும்பாலும் நேரடியாக ஒளி வராது. உதாரணமாக பாட்டம் குவார்க் என்ற அடிப்படைத் துகளும் அதன் எதிர்த்துகளும் பிறக்கும். அவை உடைந்து நூற்றுக்கணக்கான துகள்களாகச் சிதறும். அந்தக் கூட்டத்தில் இருக்கும் நடுநிலைப் பையான் என்ற குறைந்த ஆயுள் துகள் ஒவ்வொன்றும் சட்டென்று இரண்டு காமா ஃபோட்டான்களாகிவிடும். ஆற்றல் இப்படிப் பலருக்குப் பங்கு போவதால், வழக்கமாக வரையும் ஆற்றல் வரைபடத்தின் உச்சம் துகள் நிறையில் ஏறக்குறைய இருபதில் ஒரு பங்கில் வந்து விழும். 500 ஜிஇவி துகளுக்கு 20-ஐ ஒட்டிய உச்சம் வருவது அதனால்தான். எண்கள் பொருந்துகின்றன. சிக்கல் அங்கே இல்லை.

இன்னொன்று. மோதலுக்கு இரண்டு துகள் வேண்டும் என்பதால் ஒளியின் அளவு அடர்த்தியின் வர்க்கத்தைப் பொறுத்தது. அடர்த்தி பத்து மடங்கானால் ஒளி நூறு மடங்காகும். எனவே தேடுபவர்கள் முதலில் திரும்பிப் பார்க்கும் இடம் பால்வீதியின் மையம்.

#3 தரவுக்காரன்

யாரும் துள்ளாததற்குக் காரணத்தை நான் சொல்கிறேன். ஃபெர்மி தரவோடு மாரடித்தவன் என்ற முறையில்.

ஃபெர்மியின் முக்கியக் கருவி ஒரு வழக்கமான தொலைநோக்கி இல்லை. கண்ணாடியும் இல்லை, லென்ஸும் இல்லை. டங்ஸ்டன் தகடுகளும் சிலிக்கான் பட்டைகளும் மாறி மாறி அடுக்கிய ஒரு கோபுரம், கீழே சீசியம் அயோடைடு கட்டிகள். காமா ஃபோட்டான் டங்ஸ்டனில் மோதி எலக்ட்ரான்–பாசிட்ரான் ஜோடியாகும். அந்த ஜோடி சிலிக்கானில் விட்டுப்போகும் தடத்தைப் பின்னோக்கி நீட்டினால் ஃபோட்டான் வந்த திசை கிடைக்கும். அதன் துல்லியம் 1 ஜிஇவியில் ஒரு பாகைக்குச் சற்றுக் குறைவு. முழுநிலவின் அகலமே அரைப் பாகைதான். ஆக, வானத்தின் படம் எப்போதும் கொஞ்சம் மங்கல். ஆற்றல் கூடக்கூடத் தெளிவாகும், ஆனால் ஃபோட்டான்கள் குறைந்துகொண்டே போகும்.

இந்த மங்கலான படத்தில் பெரும்பகுதி கரும்பொருளுக்குச் சம்பந்தமே இல்லாத ஒளி. விண்வெளியில் ஏறக்குறைய ஒளி வேகத்தில் ஓடும் துகள்களான காஸ்மிக் கதிர்கள் பால்வீதியின் வாயுவில் மோதும்போதும் பையான் பிறக்கும், அதே காமா ஒளி வரும். தோதானி செய்ததும் மற்றவர்கள் செய்வதும் ஒரே வேலைதான்: வாயுவிலிருந்து வரும் ஒளிக்கு ஒரு வரைபடம், எலக்ட்ரான்கள் விண்மீன் ஒளியை உதைத்து ஆற்றலேற்றுவதற்கு ஒரு வரைபடம், தெரிந்த மூலங்களுக்கு ஒன்று, ஃபெர்மி குமிழிகளுக்கு (பால்வீதிக்கு மேலும் கீழும் எழுந்து நிற்கும் பெரிய காமா ஒளிக் குமிழிகள்) ஒன்று, எல்லாத் திசையிலும் சமமாக வரும் ஒளிக்கு ஒன்று என்று அடுக்கி, ஒவ்வொன்றையும் கூட்டிக் குறைத்துத் தரவோடு பொருத்துவது. அப்புறம் கரும்பொருள் வடிவத்தில் இன்னொரு வரைபடத்தைச் சேர்த்தால் பொருத்தம் கூடுகிறதா என்று பார்ப்பது.

இதில் வாயு வரைபடம் எப்படி வருகிறது என்று கிட்டப் போய்ப் பாருங்கள். நடுநிலை ஹைட்ரஜன் 21 சென்டிமீட்டர் ரேடியோ அலையில் தெரியும். மூலக்கூறு ஹைட்ரஜன் நேராகத் தெரியாது, அதனோடு இருக்கும் கார்பன் மோனாக்சைடை வைத்து ஊகிக்க வேண்டும். வாயு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதை அதன் வேகத்தை வைத்துச் சொல்வார்கள். பால்வீதி சுழல்வதால் ஒவ்வொரு தூரத்துக்கும் ஒரு டாப்ளர் வேகம் உண்டு. ஆனால் மையத்தை நேராகப் பார்க்கும் திசையில் வாயு நம் பார்வைக்குக் குறுக்காக ஓடுகிறது. நம்மை நோக்கியோ விலகியோ நகர்வது ஏறக்குறைய சுழி. அதனால் அந்தத் திசையில் தூரத்தைப் பிரிக்கும் வழி அடைபட்டுப்போகிறது, இருபுறமும் இருக்கும் அளவை வைத்து நடுவே இட்டு நிரப்புகிறார்கள். எந்தத் திசையில் கரும்பொருள் ஒளி அதிகம் என்று எதிர்பார்க்கிறோமோ, சரியாக அந்தத் திசையில்தான் நம் வாயு வரைபடம் மிக மோசம்.

என் கணினியில் வாயு வரைபடத்தை மட்டும் மாற்றிவிட்டு அதே பொருத்தத்தைத் திரும்ப ஓட்டியபோது, எஞ்சிய ஒளியின் வடிவமே மாறியதைப் பார்த்திருக்கிறேன். வானம் அதே வானம், ஃபோட்டான்களும் அதே ஃபோட்டான்கள். அதைப் பார்த்த பிறகு "எஞ்சிய ஒளி" என்று யார் சொன்னாலும், எதைக் கழித்தபின் எஞ்சியது என்றுதான் முதலில் கேட்பேன்.

#4 மதிவாணி

ரொம்ப நன்றி. அப்படியானால் மையத்தைத் தவிர்ப்பதுதானே நல்லது? தோதானி அப்படித்தான் செய்திருக்கிறார் போலத் தெரிகிறது. ஆனால் மையத்திலேயே ஏதோ கண்டதாக 2009-ல் இருந்து பேச்சு இருக்கிறதே?

#5 வான்நோக்கி

ஆமாம், அவர் பால்வீதித் தளத்துக்கு மேலும் கீழும் 10 பாகையை வெட்டிவிட்டு, அதற்கு வெளியே 60 பாகை வரை பார்த்திருக்கிறார். தரவுக்காரன் சொன்ன மோசமான பகுதி பெருமளவு விலகிப்போகிறது.

மையத்தின் கதை தனி. 2009-ல் லிசா குடினஃப், டான் ஹூப்பர் இருவரும் ஃபெர்மியின் பொதுத் தரவை எடுத்து, மையத்தைச் சுற்றிக் கூடுதலாக ஒரு ஒளி இருப்பதைக் காட்டினார்கள். உச்சம் 1 முதல் 3 ஜிஇவி வரை. அந்த "இருபதில் ஒரு பங்கு" கணக்கைப் போட்டால் 30 முதல் 50 ஜிஇவி வரையிலான துகள். தேவைப்பட்ட அழிவு வீதம் நான் மேலே சொன்ன எண்ணுக்குப் பக்கத்திலேயே வந்து உட்கார்ந்தது! 2014-ல் டேலனும் கூட்டாளிகளும், அதே காலத்தில் கலோரே, சோலிஸ், வெனிகர் குழுவும் தனித்தனியே உறுதிப்படுத்தினார்கள். பிறகு ஃபெர்மி குழுவே பார்த்து, ஒளி இருக்கிறது என்று ஒப்புக்கொண்டது. இன்றைக்கும் யாரும் அந்த ஒளி இல்லை என்று சொல்வதில்லை. அது எதனால் என்பதுதான் சண்டை.

எதிர்த்தரப்பு சொல்வது மில்லிநொடிப் பல்சார்கள். நொடிக்கு நூற்றுக்கணக்கான முறை சுழலும் பழைய நியூட்ரான் விண்மீன்கள். அவற்றின் காமா நிறமாலையும் சில ஜிஇவியில் உச்சம் தொட்டுச் சரிகிறது. மையப் புடைப்பில் சில ஆயிரம் பல்சார்கள், ஒவ்வொன்றும் ஃபெர்மிக்குத் தனியாகத் தெரியாத அளவு மங்கலாக இருந்தால், மொத்தமும் சேர்ந்து அதே ஒளியைத் தரும்.

2016-ல் இதைப் பிரித்துப் பார்க்க இரண்டு குழுக்கள் வழி கண்டுபிடித்தன. தூறல் முற்றம் முழுவதையும் சமமாக நனைக்கும், ஓட்டு விளிம்பிலிருந்து சொட்டும் நீர் சொட்டும் இடத்தில்தான் குழி பறிக்கும். அதுபோல, ஒளி கரும்பொருளிலிருந்து வந்தால் ஃபோட்டான்கள் சீராகச் சிதறியிருக்கும், பல்சார்களிலிருந்து வந்தால் அங்கங்கே திட்டுத்திட்டாக இருக்கும். லீ, லிசாண்டி, சாஃப்டி, ஸ்லேட்டியர், சுவே குழு ஃபோட்டான் எண்ணிக்கையின் புள்ளியியலை வைத்தும், பார்டல்ஸ் குழு அலைக்கூறு (wavelet) முறையை வைத்தும் பார்த்து, திட்டுத்திட்டாக இருக்கிறது என்றார்கள். கரும்பொருள் கதை முடிந்தது என்றே பலரும் நினைத்தோம்.

2019-ல் ரெபேக்கா லீனும் ட்ரேசி ஸ்லேட்டியரும் ஒரு சோதனை செய்தார்கள். உண்மைத் தரவுக்குள் செயற்கையாக ஒரு கரும்பொருள் ஒளியைக் கலந்துவிட்டு, அந்தப் புள்ளியியல் முறையிடம் கொடுத்தார்கள். அது கலந்த கரும்பொருளையும் புள்ளி மூலங்கள் என்றே சொன்னது! பின்னணி மாதிரி கொஞ்சம் தவறாக இருந்தால் அந்தத் தவறையே முறை "திட்டு" என்று எடுத்துக்கொள்கிறது. ஸ்லேட்டியர் 2016 கட்டுரையின் ஆசிரியர்களில் ஒருவர் என்பதைக் கவனியுங்கள். தன் முடிவைத் தானே உரசிப் பார்த்த ஆய்வு அது, இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த கட்டுரைகளில் ஒன்று. மறு ஆண்டு அலைக்கூறு முறையையும் புதிய மூலப் பட்டியலோடு திரும்பப் பார்த்தபோது, தெரிந்த மூலங்களை மறைத்த பிறகும் கூடுதல் ஒளி அப்படியே இருந்தது.

#6 கதிர்மொழி

வான்நோக்கி அண்ணா வரலாற்றை அழகாகச் சொன்னார். ஆனால் வடிவத்தைப் பற்றிச் சொல்லாமல் விட்டுவிட்டார். 2018-ல் மசியாஸ் குழுவும் பார்டல்ஸ் குழுவும், மைய ஒளி உருண்டையாக இல்லை, மையப் புடைப்பில் உள்ள பழைய விண்மீன்களின் பெட்டி போன்ற வடிவத்தைத்தான் பின்பற்றுகிறது என்று காட்டினார்கள். கரும்பொருள் ஏன் விண்மீன்களைப் பின்பற்ற வேண்டும்? பல்சார்கள் பின்பற்றும், அவை அந்த விண்மீன்களின் எச்சம்தானே.

எனக்கு இந்தத் தேடல்மீது நம்பிக்கை இல்லை என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் இதுபோல நாம் ஏற்கெனவே சிலமுறை பார்த்திருக்கிறோம். 1990-களில் ஈக்ரெட் என்ற கருவி 1 ஜிஇவிக்கு மேல் எதிர்பார்த்ததைவிட அதிக ஒளியைக் கண்டது. 2005-ல் அதைக் கரும்பொருள் என்று விளக்கி ஆய்வு வந்தது. 2009-ல் ஃபெர்மி அதே வானத்தைப் பார்த்தபோது அந்தக் கூடுதல் ஒளி இல்லவே இல்லை. பமேலா கருவி காட்டிய பாசிட்ரான் மிகுதியும் அப்படித்தான் பெரிய பரபரப்பானது, ஆனால் பல்சார்களே காரணமாகலாம் என்ற விளக்கம் இன்றுவரை வலுவாக நிற்கிறது.

எல்லாவற்றையும்விட 2012-ன் 130 ஜிஇவி கோடு. அதைப் பற்றி அகல்யா சொன்னால் நன்றாக இருக்கும், அவர் அந்தக் கட்டுரைகளை ஊன்றிப் படித்தவர்.

#7 அகல்யா

கதிர்மொழி கூப்பிட்டதால் வந்தேன்.

கரும்பொருள் துகள்கள் இரண்டு அழிந்து நேராக இரண்டு ஃபோட்டான்களானால், ஒவ்வொரு ஃபோட்டானும் துகள் நிறைக்குச் சமமான ஆற்றலோடு வரும். நிறமாலையில் ஒரே ஒரு கூர்மையான கோடு. வாயுவும் பல்சாரும் இப்படிக் கோடு போடாது. ஆகவே பின்னணியைப் பற்றி இவ்வளவு சண்டை போட வேண்டியதில்லை, கோடு கிடைத்தால் கிடைத்ததுதான். மிக அரிதாகவே நடக்கும் என்பதுதான் அதன் பிரச்சினை.

2012-ல் கிறிஸ்டோஃப் வெனிகர் 43 மாதத் தரவில், மையத்தின் திசையில், 130 ஜிஇவியில் ஒரு கோடு இருப்பதாக அறிவித்தார். அந்த இடத்தை மட்டும் பார்த்தால் 4.6 சிக்மா (தற்செயலாக வர வாய்ப்பு எவ்வளவு குறைவு என்பதன் அளவு, எண் கூடினால் நம்பிக்கை கூடும்). வேறு எந்த ஆற்றலில் வேண்டுமானாலும் தற்செயலாக ஒரு புடைப்பு வந்திருக்கலாமே என்பதையும் கணக்கில் சேர்த்தால் 3.2 சிக்மா. அந்த வருடம் வந்த கட்டுரைகளுக்குக் கணக்கே இல்லை.

ஃபெர்மி குழு பூமியின் விளிம்பைப் பார்த்தது.

#8 மதிவாணி

பூமியின் விளிம்பையா? அங்கே கரும்பொருளுக்கு என்ன வேலை?

#9 அகல்யா

ஒரு வேலையும் இல்லை, அதனால்தான் அங்கே பார்த்தார்கள். காஸ்மிக் கதிர்கள் வளிமண்டலத்தை உரசிப்போகும் விளிம்பு, ஃபெர்மியின் பார்வையில் பளிச்சென்று ஒளிரும். அந்த ஒளியின் நிறமாலை வழவழப்பாக இருக்க வேண்டும், அதில் எந்தக் கோடும் இருக்கக் கூடாது. ஆனால் அதிலும் 130 ஜிஇவியை ஒட்டி ஒரு சின்னப் புடைப்பு இருந்தது. வானத்தில் இருப்பதாக நினைத்த கோடு பூமியிலும் தெரிந்தால், சந்தேகம் கருவியின் பக்கம் திரும்பும். 2013-ல் குழு தன் ஆற்றல் அளவீட்டைச் சீர்செய்து பார்த்தபோது புடைப்பு 133 ஜிஇவிக்கு நகர்ந்து, 3.3 சிக்மாவாகக் குறைந்தது, தேடிய எல்லாப் பகுதிகளையும் எல்லா ஆற்றலையும் கணக்கில் கொண்டால் 1.6 மட்டுமே. 2015-ல் 5.8 ஆண்டுத் தரவு, பாஸ் 8 என்ற புதிய மறுசீரமைப்போடு: 0.7 சிக்மா. உண்மையான கோடாக இருந்திருந்தால் தரவு கூடக்கூட வளர்ந்திருக்க வேண்டும்.

இனி தோதானிக்கு வருகிறேன். என்னை உறுத்துவது பின்னணியைவிட அழிவு வீதம்தான். அவருடைய ஒளிக்கு நொடிக்கு 5 முதல் 8 × 10⁻²⁵ கன சென்டிமீட்டர் வேண்டும். வான்நோக்கி சொன்ன எண்ணோடு ஒப்பிட்டால் இருபது முப்பது மடங்கு அதிகம். அவ்வளவு வேகமாக அழிந்திருந்தால் இன்று இந்த அளவு கரும்பொருள் மிஞ்சியிருக்காது என்ற கேள்வி ஒருபக்கம். இன்னொரு பக்கம், குள்ள கேலக்ஸிகள்.

பால்வீதியைச் சுற்றி வரும் திராகோ, சேகே 1, ரெட்டிகுலம் 2, கோமா பெரெனிசஸ் போன்றவற்றில் விண்மீன்களே சொற்பம். வாயு இல்லை, புதிதாகப் பிறக்கும் விண்மீன் இல்லை, பல்சார்கள் இருப்பதற்கும் வாய்ப்பு மிகக் குறைவு. ஆனால் விண்மீன்களின் வேகத்தை அளந்தால், கண்ணுக்குத் தெரியும் பொருளைப் போலப் பல நூறு மடங்கு நிறை உள்ளே இருக்கிறது என்று தெரிகிறது. அங்கிருந்து காமா ஒளி வந்தால் சாக்குச் சொல்ல வேறு மூலம் இல்லை. 2015-ல் ஃபெர்மி குழு 15 குள்ள கேலக்ஸிகளை ஆறு ஆண்டுத் தரவில் ஒன்றுசேர்த்துப் பார்த்தது. ஒன்றுமே வரவில்லை. பாட்டம் குவார்க் வழியில் ஏறக்குறைய 100 ஜிஇவிக்குக் கீழே உள்ள துகள்களுக்கு வான்நோக்கி சொன்ன அந்த 2 முதல் 3 × 10⁻²⁶ வீதமே (வெப்ப எச்ச வீதம் என்பார்கள்) அடிபட்டுப்போனது. 500 ஜிஇவியில் கட்டுப்பாடு தளர்வுதான், ஆனாலும் தோதானி கேட்கும் வீதம் அந்தக் கோட்டுக்குச் சில மடங்கு மேலே நிற்கிறது. ஹாலோ முழுக்க ஒளிர்கிறது, ஹாலோவில் மிதக்கும் குள்ள கேலக்ஸிகள் மட்டும் இருண்டிருக்கின்றன என்றால் நான் எதை நம்புவது?

#10 வான்நோக்கி

அகல்யா, அங்கே கொஞ்சம் மாறுபடுகிறேன். குள்ள கேலக்ஸிகளில் பின்னணி சுத்தம்தான், ஆனால் அவற்றின் கரும்பொருள் அளவு நமக்கு அவ்வளவு சுத்தமாகத் தெரியாது. மிக மங்கலானவற்றில் சில பத்து விண்மீன்களின் வேகத்தை வைத்துத்தான் நிறையைச் சொல்கிறோம். அதில் ஒன்றிரண்டு விண்மீன் அந்தக் கேலக்ஸியைச் சேர்ந்ததே இல்லை என்றால், அல்லது இன்னொரு விண்மீனைச் சுற்றி வருவதால் வேகம் கூடித் தெரிந்தால், கணக்கே புரளும். டிரையாங்குலம் 2-க்கு அதுதான் நடந்தது. 2015-ல் அது கரும்பொருள் நிறைந்த மிகச் சிறந்த இலக்கு என்று கொண்டாடப்பட்டது. 2017-ல் அளந்த விண்மீன்களில் ஒன்று இரட்டை விண்மீன் என்று தெரிந்ததும் வேகச் சிதறல் படுத்துவிட்டது. சேகே 1-லும் எந்த விண்மீன் உள்ளே, எது வெளியே என்று இன்னும் வாதம் இருக்கிறது.

பெட்டி வடிவத்தைப் பற்றிக் கதிர்மொழி சொன்னதற்கும் ஒரு பதில் இருக்கிறது. 2025 அக்டோபரில் மோரிட்ஸ் முரு, ஜோசப் சில்க், நோவாம் லிபெஸ்கின்ட் உள்ளிட்டோர் வெளியிட்ட உருவகப்படுத்தலில், பால்வீதி பல இணைப்புகளின் வழியாக வளர்ந்திருந்தால் உள் ஹாலோ உருண்டையாக இருக்க வேண்டியதில்லை, தட்டையாகவே இருக்கலாம் என்று வருகிறது. அப்படியானால் பெட்டி வடிவம் பல்சாருக்கு மட்டுமே சொந்தமான அடையாளம் ஆகாது.

#11 அகல்யா

டிரையாங்குலம் 2 உதாரணம் நியாயமானது, ஆனால் அது ஒற்றைக் கேலக்ஸி. திராகோ, உர்சா மைனர் போன்ற பழைய குள்ள கேலக்ஸிகளில் நூற்றுக்கணக்கான விண்மீன்களை அளந்திருக்கிறார்கள். அந்த நிலையின்மையும் கட்டுப்பாட்டுக் கணக்கிலேயே சேர்த்துத்தான் வருகிறது, நாம் தனியாகக் கழிக்க வேண்டியதில்லை. பலவற்றை ஒன்றுசேர்க்கும்போது ஒன்று கவிழ்ந்தால் மொத்தமும் கவிழாது. ஒன்றிரண்டு மடங்கு தளரலாம் என்று ஒப்புக்கொள்கிறேன். தோதானியின் ஒளியைக் காப்பாற்ற அது போதுமா என்பது உங்களுக்கே தெரியும்.

ரெட்டிகுலம் 2-ல் 2015-ல் 2 முதல் 10 ஜிஇவி வரை சிறு மிகுதி தெரிவதாக ஒரு குழு சொன்னது. அப்போது எனக்கும் ஆவல் தாங்கவில்லை. பாஸ் 8 தரவில் குறிப்பிடும்படி ஒன்றும் நிற்கவில்லை. இப்படி நன்றாக ஒன்று வந்து, தரவு கூடியதும் மங்கிப்போவது வலிக்கத்தான் செய்கிறது.

#12 கதிர்மொழி

தரைத் தொலைநோக்கிகளைப் பற்றி யாரும் சொல்லவில்லையே? 500 ஜிஇவி துகள் என்றால் அவற்றின் எல்லைக்குள்தானே வருகிறது.

#13 தரவுக்காரன்

வருகிறது. காமா கதிர் தரையைத் தொடாது. வளிமண்டலத்தில் மோதி ஒரு துகள் மழையைக் கிளப்பும். அந்தத் துகள்கள் காற்றில் ஒளி செல்லும் வேகத்தைவிட வேகமாக ஓடுவதால் செரன்கோவ் எனப்படும் நீல ஒளி பளிச்சிடும். சில நானோநொடிதான் நீடிக்கும். நமீபியாவில் ஹெஸ், லா பால்மாவில் மேஜிக், அரிசோனாவில் வெரிட்டாஸ், லடாக்கின் ஹான்லேயில் 21 மீட்டர் ஆடி கொண்ட மேஸ் எல்லாம் இதைத்தான் படம் பிடிக்கின்றன. பரப்பு பெரிது, அதனால் அதிக ஆற்றலில் ஃபெர்மியைவிட நிறைய ஃபோட்டான் கிடைக்கும். ஆனால் ஒருமுறை வானத்தின் சில பாகைகளைத்தான் பார்க்க முடியும். தோதானியின் ஒளி பல பத்து பாகை பரவியிருப்பதால், ஒளி இருக்கும் இடத்தையும் இல்லாத இடத்தையும் ஒரே பார்வையில் ஒப்பிட வழியில்லை. ஹாலோவுக்கு இவை அவ்வளவாக உதவாது. மையத்துக்கும் குள்ள கேலக்ஸிகளுக்கும்தான் உதவும்.

மேஜிக் சேகே 1-ஐ மட்டும் 158 மணி நேரம் பார்த்தது. ஹெஸ் மையப் பகுதியை 546 மணி நேரம் பார்த்து 2022-ல் முடிவு வெளியிட்டது. நிலவில்லாத, மேகமில்லாத இரவுகளில் மட்டுமே வேலை நடக்கும் என்பதை நினைத்துப் பாருங்கள், அது எத்தனை பருவங்களின் உழைப்பு! இரண்டிலும் சிக்னல் இல்லை. லா பால்மாவிலும் சிலியின் பரனால் அருகிலும் எழும்பிவரும் செரன்கோவ் தொலைநோக்கி வரிசை முழுமையானால், 1 டிஇவியை (1000 ஜிஇவி) ஒட்டிய, கரும்பொருளாக இருக்கலாம் என்று கருதப்படும் ஹிக்ஸினோ போன்ற துகள்களை மையத்தின் திசையில் தொட்டுப் பார்க்க முடியும் என்ற எதிர்பார்ப்பு இருக்கிறது. அதுவும் மையத்தில் கரும்பொருள் அடர்த்தி எப்படி ஏறுகிறது என்பதைப் பொறுத்தது.

#14 மதிவாணி

எல்லோருக்கும் நன்றி. அப்படியானால் நேராகக் கேட்கிறேன். எது நடந்தால் நீங்கள் ஒவ்வொருவரும் நம்புவீர்கள்?

#15 கதிர்மொழி

மையத்தில் மில்லிநொடிப் பல்சார்களை ரேடியோ அலையில் தேடிப் பார்க்க வேண்டும். முதலில் மீர்கேட், அதன்பின் எஸ்கேஏ ரேடியோ தொலைநோக்கி வரிசைகளில். போதுமான எண்ணிக்கையில் கிடைத்தால் 2009-ன் மைய ஒளிக்கு முடிவு எழுதிவிடலாம். எவ்வளவு ஆழமாகத் தேடியும் கிடைக்கவில்லை என்றால், கரும்பொருள் பக்கம் வர நான் தயார்.

#16 அகல்யா

எனக்குக் குள்ள கேலக்ஸிகள்தான். இரண்டு மூன்று குள்ள கேலக்ஸிகளில், ஒரே நிறமாலையோடு, அவற்றின் கரும்பொருள் அளவுக்கு ஏற்ற விகிதத்தில் ஒளி வரட்டும். அப்போது சிக்மாவைக்கூட அதிகம் கேட்க மாட்டேன். வானத்தை அகலமாக அலசும் ரூபின் ஆய்வகத்தின் தரவில் இன்னும் பல மங்கலான குள்ள கேலக்ஸிகள் தென்படும். அவை இருக்கும் திசைகளில் ஃபெர்மியின் ஃபோட்டான்கள் 2008-லிருந்து ஏற்கெனவே சேர்ந்து கிடக்கின்றன. கேலக்ஸி கிடைத்த மறுநாளே பழைய தரவைத் திறந்து பார்க்கலாம்.

#17 வான்நோக்கி

அகல்யா சொன்னதோடு முழுக்க உடன்படுகிறேன். தோதானியின் ஒளியைப் பொறுத்தவரை, அவருடைய பின்னணி மாதிரிகளைச் சாராத இன்னொரு குழு, வேறு வாயு வரைபடங்களோடு, அதே 20 ஜிஇவி உச்சத்தைக் காண வேண்டும். அது இன்னும் தொடக்கநிலைதான். ஆனாலும் அதை ஒதுக்கித் தள்ள எனக்கு மனமில்லை. ஃபெர்மி குமிழிகள் எப்படிக் கிடைத்தன? மையத்தைச் சுற்றித் தெரிந்த விளக்கம் கிடைக்காத ஒரு மங்கலான ஒளிமூட்டத்தைத் துரத்திக்கொண்டு போனதில், 2010-ல் சூ, ஸ்லேட்டியர், ஃபிங்க்பைனர் மூவருக்கும் பால்வீதிக்கு மேலும் கீழும் 25,000 ஒளியாண்டு உயரத்துக்கு எழுந்து நிற்கும் இரண்டு குமிழிகள் அகப்பட்டன. அந்த மூட்டத்துக்குக் கரும்பொருளும் ஒரு விளக்கமாகச் சொல்லப்பட்டிருந்தது. எஞ்சிய ஒளியைக் கடைசிவரை விடாமல் பார்த்தவர்களுக்குக் கிடைத்தது அது.

#18 மதிவாணி

தரவு பொதுவில் இருக்கிறது என்று சொன்னீர்கள். நான் பைத்தான் ஓரளவு எழுதுவேன். ஒரு குள்ள கேலக்ஸியை நானே பார்த்துவிட முடியுமா?

#19 தரவுக்காரன்

தாராளமாக முடியும். வெனிகரும் ஹூப்பரும் எடுத்த அதே பொதுத் தரவுதான், யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். நாசாவின் ஃபெர்மி அறிவியல் உதவி மையத் தளத்தில் தரவும் ஃபெர்மிடூல்ஸ் மென்பொருளும் இலவசமாகவே இருக்கின்றன.

திராகோவில் தொடங்குங்கள். பால்வீதித் தளத்திலிருந்து 34 பாகைக்கு மேல் விலகி இருப்பதால் பின்னணித் தொல்லை குறைவு. அதை மையமாக வைத்து 10 பாகை ஆரத்துக்குத் தரவு கேளுங்கள். தொடக்க நேரம் 239557417 என்று கொடுங்கள், அது 2008 ஆகஸ்ட் 4, அறிவியல் தரவு தொடங்கிய நாள். முதல் முயற்சிக்கு 1 ஜிஇவிக்கு மேல் உள்ள ஃபோட்டான்கள் போதும், கோப்பும் கைக்கடக்கமாக இருக்கும், படமும் தெளிவாக இருக்கும். நிகழ்வு வகுப்பு 128. உச்சிக் கோணம் 90 பாகைக்கு மேல் உள்ளதை வெட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் அகல்யா சொன்ன பூமி விளிம்பு உள்ளே வந்து எல்லாவற்றையும் கெடுத்துவிடும். பின்னணிக்கு அவர்களே தரும் பால்வீதிக் கோப்பும் சீரொளிக் கோப்பும், அப்புறம் நாலாவது மூலப் பட்டியல். இவற்றைப் பொருத்தி முடித்தபின் திராகோவின் இடத்தில் ஒரு கூடுதல் மூலத்தை வைத்து, பொருத்தம் எவ்வளவு கூடுகிறது என்று பாருங்கள்.

எண் என்ன வந்தாலும் உடனே முடிவுக்கு வந்துவிடாதீர்கள். அதே கணக்கை, எந்த மூலமும் இல்லாத வெற்று வானத்தில் பல இடங்களில் ஓட்டிப் பாருங்கள். பின்னணி மாதிரி முழுமையாக இல்லாததாலும், பட்டியலில் இடம்பெறாத மங்கல் மூலங்களாலும், வெற்று இடத்திலேயே பாடநூல் சொல்வதைவிட அடிக்கடி பெரிய எண்கள் வரும். அந்தப் பரவலோடு ஒப்பிட்டால்தான் திராகோவின் எண்ணுக்கு அர்த்தம் கிடைக்கும்.

நிறுவுவதற்குக் காண்டா வழியே போங்கள், மூலக் கோப்பிலிருந்து கட்டப் பார்க்க வேண்டாம். எங்காவது மாட்டிக்கொண்டால் பிழைச் செய்தியை அப்படியே இந்த இழையில் ஒட்டுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.